பல் பிடுங்கப் போகிறவள்

ஒண்டிக்கடை நிறுத்தத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. சேலம் பஸ் மலையிறங்கத் தொடங்கியதும் இளையவள் சொன்னாள்:

“ஆபரேசன் இல்லீங்க்கா. ஆனா மயக்க மருந்து ஏத்துவாங்க.”

“ஆபரேசன் இல்லாம எதுக்குக் கண்ணு மயக்கம்?”

“மனசுக்குங்க்கா. கெட்டமின்னு ஒரு மருந்தாம். வருசக்கணக்கா மாத்திரை தின்னும் கேக்கலீங்களே. இதைப் போடற எடம் தேடித் தேடி இப்பத்தான் சேலத்துல கெடச்சுது. தொணைக்கு ஆள் இல்லாம வரப்படாதுன்னுட்டாங்க. அதான் உங்களை இழுத்துட்டு வந்தேன்.”

“ஊட்டுல என்ன சொன்னே?”

“பல்லு புடுங்கப் போறேன்னு. பல்லுன்னா கஞ்சி காச்சிக் குடுத்துப் படுக்க உடுவாங்க. மனசுன்னு சொன்னா, காப்பிப் பழம் பறிக்கப் போ, சரியாயிரும்பாங்க.”

அடுத்த வளைவில் மூத்தவள் கேட்டாள்:

“ஒரே ஊசியோட முடிஞ்சிருமா?”

“இல்லீங்க்கா. கொஞ்ச நாளைக்கு வாராவாரம் வரோணுமாம்.”

“அப்ப வாரத்துக்கு ஒரு பல்லா?”

இளையவள் முன்கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

“வாய் நெறையப் பல்லு இருக்குதுங்க்கா.”