பச்சைக் கோடும் நாலு லட்டும்

"மருந்து வேலை செய்யுதுன்னு எங்க லேப் சார் லட்டே குடுத்துட்டாருக்கா. இப்ப பச்சைக் கோடு மாட்டி வுட்டுடுச்சு."

தண்டலம் போகும் காலை பஸ்ஸில், முன்சீட்டுக் கல்லூரிப் பெண் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னாள். அக்காவின் கழுத்தில் ஒரகடம் கம்பெனி அட்டை. ஷிப்ட் முடிந்த களைப்பு.

"இன்னாடி பச்சைக் கோடு?"

"லேப்ல உடம்பு செல்லை ஒடைச்சு, அந்தச் சாறை வரிசையா குழியில ஊத்துவோம். நாங்க தேடுற புரோட்டீன் சிவப்பா ஒளிரும். மருந்து அதைக் கொறைக்கணும். மருந்து போட்ட மூணாவது குழியில சிவப்பு கம்மி. அதான் லட்டு."

"நல்லதுதானே?"

"எல்லாக் குழியிலயும் ஒரே அளவு இருக்கவேண்டிய இன்னொரு புரோட்டீன் கீது. நேத்து அதுக்குப் பச்சையா ஒளிர்ற ஆன்டிபாடி போட்டேன். மூணாவதுல அதுவும் கம்மி."

"அப்ப சாறே கம்மியா ஊத்திக்கீறீங்க. எங்க லைன்லயும் ஆளு பாதிதான் வருவாங்க, அவுட்புட் கொறைஞ்சுபோச்சுன்னு சூப்பர்வைசர் கத்துவாரு."

"அதேதான்க்கா."

"பச்சைய வுட்டுட்டு சிவப்ப மட்டும் காட்டேன்."

"ரெண்டும் ஒரே படத்துல கீது. மொதல்ல பச்சையத்தான் கேப்பாரு."

"அப்ப ஒத்துக்கோ. திட்டினா வாங்கிக்கோ."

"மூணாவது குழியில ஊத்துனது நான் இல்லக்கா. 'இப்டித்தான் ஊத்தணும்'னு சாரே பைப்பெட்டைப் புடுங்கி ஊத்திக் காட்டினாரு."

அக்கா சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"லட்டு மீதி கீதாடி?"

"டப்பாவுல நாலு கீது."

"எடு. படத்த அவரு பாக்கறதுக்குள்ள தின்னுடலாம்."