துண்டுக்கு அடியில் நீளாத கைக்கு ஒரு மடல்

ஆம்பூர்த் தோல் பதனிடும் ஷாப்பின் உப்புக் கிடங்கைக் கட்டிக்காத்த கண்ணியச் செம்மல் திரு. இரத்தினசாமி அவர்கள் பணிநிறைவு பெறும் இந்நன்னாளில், உடன் உழைத்தோர் உள்ளம் உருகி அளிக்கும் மடல்.

உப்பே உற்றாராய், உலர்ந்த தோலே ஊராராய் உவந்து வாழ்ந்த உத்தமரே!

தங்களைப் புகழ்ந்தெழுத உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. தங்களோடு ஒருவேளைச் சோறு தின்றவர் எங்களில் ஒருவரும் இல்லை. தங்களுக்குப் பிடித்த கறி எது என்று கேட்டோம். கிடங்குப் பூனைக்குத்தான் தெரியும் என்றார்கள். என்ன மனிதர் ஐயா தாங்கள்!

குறையொன்றைக் குழந்தைப் பருவம் முதல் சுமந்த குணக்குன்றே!

கண் தானாகச் சிமிட்டும். கழுத்து இடப்பக்கம் வெட்டும். தொண்டையில் ஓர் ஒலி எழும். வலக்கை விரல்கள் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கும். ஏய்ப்பு என்றார்கள் சிலர், ஏவல் என்றார்கள் சிலர். வேப்பிலை அடித்தார்கள், தர்காவில் தாயத்துக் கட்டினார்கள். அத்தனைக்கும் தலையைக் கொடுத்துவிட்டு மறுநாள் காலையில் முதல் ஆளாக வேலைக்கு வந்து நின்றவர் தாங்கள்.

சுதந்திரம் வந்த மறுவருடம் நடந்ததை இச்சபை அறியும். ஆயினும் இளையவர்களுக்காகச் சொல்கிறோம். அந்நாளில் முதலாளிக்காகத் தோல் மண்டியில் பச்சைத் தோல் விலைபேசி வாங்கியவர் தாங்கள். மண்டியில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போர்த்தி, அதனடியில் கையோடு கை கோத்து, விரலை அழுத்தித்தான் பேசுவார்கள். விரல் சொன்ன சொல்லை மாற்றுவதும் கிடையாது. அன்று எதிர்க்கை பிடித்தவர் தரகர் மஹபூப் பாஷா. பேரம் முடியும் வேளையில் தங்கள் விரல் தானாக மடங்கியது; அதையே விலை என்று எண்ணித் துண்டை எடுத்துவிட்டார் அவர். தாங்கள் நினைத்த விலைக்கு மேல் முதலாளி கொடுக்கும்படி ஆயிற்று. முதலாளி முகம் சுளிக்கவில்லை, பாஷாவும் பேரத்தைத் திருப்பிக்கொள்ளச் சம்மதித்தார். தாங்கள்தான் சம்மதிக்கவில்லை! மண்டி வாக்கு மண்டி வாக்கே என்று நின்று, தாங்களே கேட்டு உப்புக் கிடங்குக்குள் போனீர்கள். அன்றுமுதல் எவர் கையையும் தொட்டதில்லை. கல்யாண வீட்டுச் சந்தனத்தைக்கூடக் கிண்ணத்தோடு கீழே வைக்கச் சொல்லி எடுத்துக்கொள்வீர்கள்.

தனிமையைத் தவமாக்கிய தகைமையாளரே!

போன வருடம் பாஷாதான் தங்களைப் பிடிவாதமாக வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல ஏதேதோ ரசாயனங்களைச் சுரக்கிறதாம். அவற்றில் டோப்பமீன் என்ற ஒன்றின் ஆதிக்கம் மிஞ்சினால், நாம் இடாத கட்டளை தசைக்குப் போய்விடுகிறதாம். இப்படித்தான் இருக்கவேண்டும், இன்னும் முழுக்கத் தெரியாது என்று சொல்லி, அந்தச் சேதி சேரும் வாசலை மறிக்கும் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார் டாக்டர். முதலில் அது தங்களைத் தூக்கத்தில் ஆழ்த்தியது, உடம்பை விறைக்க வைத்தது. அளவைக் குறைத்த பிறகு கழுத்து அடங்கியது, விரலும் பெரும்பாலும் அடங்கியது.

டாக்டரைப் பார்த்துத் திரும்பிய பஸ்ஸில் தாங்கள் பாஷாவிடம் கேட்டதை இப்போது ஷாப்பே சொல்லிக்கொண்டிருக்கிறது: "தொட்டியில சுண்ணாம்பு ஜாஸ்தியாய்டுச்சின்னா, தோல் மேலயா குத்தம் சொல்லுவீங்க பாய்?"

அப்படிக் கேட்டவர், ஆம்பூரில் இறங்கும்போது பாஷா நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. மருந்து வேலை செய்த பிறகும் பிடிக்கவில்லை. பாஷா காரணம் கேட்டதற்குத் தாங்கள் சொன்ன பதிலைச் சொல்லி அந்த மனிதர் எங்கள் முன்னால் அழுதுவிட்டார். "மாத்திரையில தலை அடங்கிடுச்சி பாய். கைக்கு இன்னும் தைரியம் வரல."

இன்றைய விழாவுக்கும் மாலை கூடாது, கைகுலுக்கல் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். இரண்டையும் மதித்தோம். நாளை முதல் கிடங்கும் இல்லை, பூனையும் இல்லை. தங்கள் வீட்டில் பேசுவதற்கும் ஆளில்லை. பாலாற்று ஊற்றுநீர்போல் உடல்நலம் தெளிந்து, உறக்கம் நிறைந்து, நூறாண்டு காணுங்கள். ஆனால் தனியாகக் காணாதீர்கள் என்பதே எங்கள் வேண்டுதல்.

படித்து முடித்ததும் இம்மடலைச் சுருட்டிப் பாஷாவிடம் கொடுக்கப்போகிறோம். அவர் தம் தோள் துண்டை அதன்மேல் போர்த்துவார். மடல் வேண்டுமென்றால் துண்டுக்கு அடியில் கையை விட்டுத்தான் வாங்கவேண்டும். இது மாலையும் அல்ல, கைகுலுக்கலும் அல்ல. மண்டி வழக்கம், தாங்கள் மறுக்க முடியாது! விரல் துடித்தால் துடிக்கட்டும். இன்று விலை பேச ஒன்றுமில்லை.

பாஷா எழுந்து வருகிறார். கையைக் கொடுங்கள், ஐயா.

இங்ஙனம்,
கிடங்கு வாசலோடு நின்றுவிட்ட
தங்கள் தொழில் தோழர்கள்
ஆம்பூர், 1969