தண்ணி டாங்க் தெரியறதா?

குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்கவில்லை என்று இங்கே எல்லோரும் புலம்புகிறார்கள். ஓவனில் லைட்டை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் போதும், காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். தொண்ணூற்றேழு டிசம்பரில் அந்தச் சனிக்கிழமையும் நான் மாவைத்தான் வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"விசாலம், டாங்க் தெரியறதா?"

என் கணவர், டாக்டர் சிவராமகிருஷ்ணன். வெளியூரில் ராத்தங்கிவிட்டுத் தன் குட்டி விமானத்தில் கிளம்புமுன் கேட்கிற கேள்வி. டப்ளினைத் தாண்டி எங்கள் வீடு. பக்கத்திலேயே ஒரு சின்ன ஏர்ஃபீல்ட். அங்கே வானிலை சொல்ல ஆள் கிடையாது. என் சமையலறை ஜன்னலிலிருந்து அதன் பக்கத்து உயரமான தண்ணி டாங்க் தெரிந்தால் வருவார், தெரியாவிட்டால் அங்கேயே இருந்துவிடுவார்.

நாலு வருஷமாக அவருடைய சனி, ஞாயிறெல்லாம் அந்த விமானத்தோடுதான். குறையாகச் சொல்லவில்லை. விட்டுவிடுங்கள் என்றேன். "போடி, காரைவிட சேஃப்" என்று சிரித்தார். ஒரு தடவை நன்றாகப் பயந்தால் தானே விட்டுவிடுவார் என்று எனக்குப் பட்டது. சூடு பட்ட குழந்தை அடுப்புப் பக்கம் போகாதில்லையா.

ஜன்னலைப் பார்த்தேன். டாங்க் இருக்கட்டும், எங்கள் வேலியே தெரியவில்லை. பாலைக் கொட்டினாற்போல் மூடுபனி.

"பளிச்சுன்னு தெரியறது. எத்தனை இட்லி?"

"எனக்கு ஆறு. பசுபதியும் கூட வரான், அவனுக்குப் பத்து."

"பத்தா! அவர் ஏறினா உங்க பிளேன் கிளம்புமா?"

சிரித்துக்கொண்டே வைத்தார். பதினாறு ஊற்றினேன்.

விமானம் ரன்வேக்கு முன்னால் இருந்த மரங்களில் மோதியது. இவருடைய சிநேகிதர் பசுபதி அங்கேயே போய்விட்டார். இவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மறுநாள் இட்லியை உதிர்த்து உப்புமாவாகத் தாளித்து, பசுபதியின் மனைவி நாகலக்ஷ்மிக்கு எடுத்துப் போனேன். துக்க வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்களே, பாவம்.

பிறகு அவள் இவரைப் பார்க்க வந்தாள். "என் மேலதான் தப்பும்மா. விசாலம் சொன்னப்போ கிளியராத்தான் இருந்திருக்கு. நான்தான் அவனைக் கொன்னுட்டேன்" என்று இவர் அழுதார். இருவருக்கும் காபி கலந்து கொடுத்தேன்.

இவர் எப்படி இருக்கிறார் என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். இப்போது எல்லாச் சனிக்கிழமையும் வீட்டில்தான் இருக்கிறார். கட்டிலை ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டிருக்கிறேன், வெளிச்சம் கண்ணைக் குத்தக்கூடாதென்று. இன்று காலைகூட, "விசாலம், டாங்க் தெரியறதா?" என்றார்.

வெளியே ஒரே மூடுபனி.

"பளிச்சுன்னு தெரியறது" என்றேன். அவர் மனம் நோகும்படி நான் என்றைக்குமே ஒரு வார்த்தை சொன்னதில்லை.