காலு மட்டும்தான் வுட்டுச்சாம்

கைநாட்டுதான சிஸ்டரம்மா, வெக்கிறேன். ஆபரேசன்ல உசுருக்கு என்னா வேணா ஆவலாம்னு படிச்சுச் சொன்னீங்க, புரிஞ்சுது.  செத்த இருங்க.

இல்லம்மா, எங்க வூட்டுக்காரரு குடிக்க மாட்டாரு. அங்க எழுதியிருக்கறத அடிச்சுடுங்க. மொத நாளு நான்தான் அப்படிச் சொன்னேன். நம்ம பாண்டியில ஆம்பள நடுரோட்டுல வுழுந்தா வேற என்னா நெனப்பாங்க, நீங்களே சொல்லுங்க. தெருவுக்கு ரெண்டு சாராயக்கடை. குனிஞ்சா மண்ட வெடிக்குதும்பாரு, கொஞ்ச நேரம் படுத்தா சரியாப் பூடும். நடந்துக்கினே இருப்பாரு, பொத்துனு வுழுவாரு, எழுந்து மண்ணத் தட்டிட்டுப் போவாரு. வாய மோந்து பாப்பேன். நாத்தம் இருக்காது. அப்பவும் நம்பாம ஏசுவேன்.

மெட்ராசுல புதுசா வந்த மிஷினுக்குள்ள தலைய வுட்டுப் படம் எடுத்தப்பதான் தெரிஞ்சுது. மூளைக்கு நட்டநடுவுல கொழகொழன்னு ஒரு தண்ணிக்கட்டி, திராட்சப்பழம் கணக்கா. நடுமூளையில தண்ணிக்கட்டி எத்தினியோ பேருக்கு இருக்குமாம், ஆயுசுக்கும் ஒண்ணும் பண்ணாதாம். இவருக்கு, தலைக்குள்ள தண்ணி ஓடுற வழியிலயே ஒக்காந்துக்கிச்சு. அப்பப்ப அடைச்சுக்குதாம்.

நான் பெரிய மார்க்கெட்டுல மீன் விக்கிறேன். போன தை மாசம், மில்லுல ஷிப்டு முடிச்சு எனக்கு சோறு எடுத்தாந்தவரு, என் கூடைக்கு நாலடி முன்னால வுழுந்தாரு. தூக்குவாளி உருண்டு சோறெல்லாம் மீன்தண்ணியில கொட்டுச்சு. நின்னவங்க சிரிச்சாங்க. மீன் வாங்க வந்த அம்மா, யாரு இந்த ஆளு, ஒனக்குத் தெரிஞ்சவரான்னு கேட்டுச்சு. எனக்கு மானமே போச்சு. யாரோ குடிகாரன், நீங்க மீனப் பாருங்கம்மான்னேன்.

ஆமாம்மா, அப்படித்தான் சொன்னேன். எழுந்தாரு, வாளிய எடுத்துக்கினு போயிட்டாரு. சாயங்காலம் வூட்ல, பகலுக்கு என்னா சாப்ட்டன்னு மட்டும் கேட்டாரு.

மயங்கிக் கெடந்தவரு, காதுல வுழுந்திருக்காதுன்னு இத்தன நாளு தைரியமா இருந்தேன். இன்னிக்குக் காலையில டாக்டரு சொல்றாரு, அது மயக்கமே இல்லியாம். காலு மட்டும் வுட்டுப் பூடுமாம். நெனவு இருக்குமாம், பேசறதெல்லாம் கேக்குமாம்.

அதுலேருந்து அவரு மூஞ்சியப் பாக்க முடியல. உள்ள போயி ஒரு வார்த்த சொல்லலாம்னு அவரு ரூமு வாசல் வரைக்கும் போயித் திரும்பிட்டேன்.

இந்தாங்க, வெச்சுட்டேன். எம் பேரு கொளஞ்சி. உறவா? பொண்டாட்டின்னு எழுதுங்க. எழுதிட்டு கொஞ்சம் சத்தமாப் படிங்கம்மா. கதவு தொறந்துதான இருக்குது.