விரியும் முனை

அன்று காலை தூறல் விழுந்ததா, முந்தின நாள் மழைதான் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்ததா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. நினைவு அந்த இடத்தில் கலங்கிக் கிடக்கிறது. அம்புமுனையைப் பற்றிக் கேட்டீர்களே, அது மட்டும் தெளிவாக இருக்கிறது.

நீங்களும் வேட்டைக்காரர் என்பதால் சுலபமாகப் புரியும். மானுக்குக் குறுகலான, அசையாத முனை வேண்டும். அது ஊடுருவி மறுபுறம் வெளியே போய்விட வேண்டும். காட்டு வான்கோழிக்கு அது உதவாது. உடம்பில் ஓட்டையோடு எழும்பிப் பறந்து, பள்ளத்தாக்கைத் தாண்டி எங்கேயோ போய்ச் சாகும். அதற்கு விரியும் முனைதான். பட்டதும் அதில் மடங்கியிருக்கும் கத்திகள் இரண்டும் திறந்துகொள்ளும். அம்பு உள்ளேயே நின்றுவிடும். பறவை நகராது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் டெல்பர்ட். மனைவியை இழந்து நான் தனியாளான பிறகு, ஒவ்வொரு வசந்தத்திலும் அவனோடுதான் காட்டுக்குப் போனேன். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. காலை மாற்றுவேன், வில்லை மாற்றிப் பிடிப்பேன், எழுந்து நின்று பார்ப்பேன். அவன் மரத்தடியில் சாய்ந்தால் மரத்தோடு மரமாகிவிடுவான்.

அந்த மார்ச் மாதம் அவனுடைய பிக்கப் வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டு முனைகளைப் பரப்பி வைத்தோம்.

"எதடா எடுக்கப்போற, கிளைட்? போன வருஷம் மாதிரி மான் முனையைப் போட்டுட்டு, பறந்துபோன கோழிக்கு டாட்டா காட்டிக்கிட்டு நிக்காத."

"அது காத்துடா."

"ஆமாமா, காத்து. உன் பின்னாடி எறும்பு புகுந்ததும் காத்துதான்." சிரித்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஒரு முனையின் கத்தியைத் துடைத்தான். "டேய், வீட்டை வெல பேசியாச்சு. சீசன் முடிஞ்சதும் மக இருக்கற ஒரிகானுக்கு, மேற்குக் கோடிக்குக் கெளம்பறோம். பேரப்பிள்ளைங்க பக்கத்துல இருக்கணும்ங்கறா நோரீன்."

"உன் பொண்டாட்டிக்கு நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல. அங்கேயும் கோழி இருக்காம்."

அவன் கையிலிருந்த முனையை வாங்கிப் பார்த்தேன். விரித்தால் உள்ளங்கை அகலம் இருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன்.

டெல்பர்ட்டின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வான்கோழியின் உலர்த்திய வாலை விசிறிபோல் விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்தபடி புல்லில் ஊர்ந்து போவான். போட்டிக்கு வேறொரு சேவல் வந்துவிட்டதென்று நிஜச் சேவல் கோபத்தோடு ஓடிவரும். அடுத்தவர் வேட்டையாடும் நிலத்தில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். அன்று அங்கே இருந்தது நான் மட்டும்தான். அதனால் அவன் பயப்படவில்லை.

விசிறியைப் பார்த்துச் சேவல் என்று நினைத்து எய்துவிட்டேன் என்று உங்களிடம் முதலில் சொன்னேன். இந்த ஊரில் எல்லோரும் அதை நம்பினார்கள். இதற்கு முன்பும் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் விசிறியை விரித்து நிற்கும் சேவலுக்கு மார்பைத்தான் குறி பார்ப்பார்கள். என் அம்பு விசிறிக்கு வெகு பின்னால், பக்கவாட்டில், டெல்பர்ட்டின் தொடையில் போய் நின்றது. நீங்கள் அதைக் கவனித்துவிட்டீர்கள்.

தொடைக்குத்தான் குறி பார்த்தேன். காலில் பட்ட பறவையால் ஓடவும் முடியாது, உந்தி எழும்பவும் முடியாது. குறுகலான முனையென்றால் தைத்துக் கட்டி அனுப்பிவிடுவார்கள், கோடைக்குள் கிளம்பிவிடுவான். எலும்பும் தசையும் சிதைந்தால் வீட்டு விற்பனை நிற்கும், நடக்க ஒரு துணை தேவைப்படும். நான் பக்கத்து வீடுதானே. இப்படி யோசித்ததில் எனக்கு இன்றும் பிழையொன்றும் தெரியவில்லை.

இரத்தம் அவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

"கிளைட், போன் பண்ணுடா," என்றான். கைபேசி என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்தேன். அங்கே சிக்னலும் இருந்தது. பிறகு நினைத்துப் பார்த்தேன். அழைத்தால் ஹெலிகாப்டர் வரும். அவனைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே மகள் வந்து ஒரிகானுக்கு அழைத்துப் போவாள். கைபேசியைத் திரும்பப் பையில் வைத்துவிட்டு அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். பேசாம இரு."

என் கையைப் பிடித்திருந்தான். நான் அசையவில்லை. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்தது அன்றுதான். பிடி தளர்ந்த பிறகுதான் போலீசுக்குப் போன் செய்து உங்களை அழைத்தேன்.

நோரீன் மகளிடம் ஒரிகானுக்குப் போய்விட்டாள். அவர்கள் வீட்டில் யாரோ இளம் தம்பதி குடியேறியிருக்கிறார்கள். டெல்பர்ட்டைத் தேவாலயத்துக்குப் பின்னால் அடக்கம் செய்திருக்கிறார்கள், என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். நான் இங்கே உங்கள் முன்னால் இருக்கிறேன், எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். சிறை மட்டும் தொலைவான ஊராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவனுக்கு இங்கே வேறு யாரும் இல்லை.