சிரிப்பை எடுத்த பிறகு

என் மனைவி என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒரு நகவெட்டி. ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் அளக்கிறார்கள், நகம் வளர்வதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. போர்வை நூலில் மாட்டிக்கொண்டு இழுக்கிறது என்றாள். கீழே கடையில் புதிதாக வாங்கிவிடலாம் என்றேன். வீட்டில் இருப்பதுதான் வேண்டும், அதுதான் கைக்குப் பழகியது என்றாள். பஸ் ஏறிப் போய் இழுப்பறையைக் குடைந்து எடுத்துக்கொண்டு வந்தேன். முப்பது வருட இல்லறத்தில் பாதி இப்படித்தான் போகிறது. அவள் கேட்பாள், நான் தேடுவேன்.

நடந்ததை என் வாயாலேயே சொல்லச் சொன்னீர்கள். பேசினால் நடுவில் நிறுத்திவிடுவேன், எழுதித் தருகிறேன் என்றேன். நீங்கள் மறுக்கவில்லை. விசாரணை அதிகாரிகளில் இப்படிப்பட்டவர்கள் அபூர்வம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

என் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. வெளிநாட்டுக் கார்ட்டூன் படங்களுக்கு நம் மொழியில் குரல் சேர்க்கும் கூடத்தில் நான் ஒலிக்கலவை செய்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லித்தந்தது இதுதான்: கரடி மலையிலிருந்து விழுகிறது. விழுந்ததும் ஒரு சிரிப்பை வைத்தால் பார்க்கிற குழந்தை சிரிக்கும். சிரிப்பை எடுத்துவிட்டுக் காற்றோசையை வைத்தால் அதே குழந்தை அழும். கரடியும் அதேதான், மலையும் அதேதான்.

நீங்கள் விசாரிக்கும் அந்தப் பெண், என் மனைவி இருந்த வார்டில் பயிற்சி நர்ஸ். பதினெட்டோ பத்தொன்பதோ இருக்கும். யாரைப் பார்த்தாலும் அப்படியே நடித்துக் காட்டுவாள். பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் தேடுவது, சமையல்காரர் தட்டை வைத்துவிட்டு ஓடுவது, எல்லாம். பக்கத்து அறையில் சினிமாக் கதை சொல்லிக்கொண்டு நின்றதில் ஒருமுறை ஊசி போட நேரமாகிவிட்டது. வார்டைக் கவனிக்கும் பெரிய சிஸ்டர் அவளை இரண்டு தடவை கண்டித்திருக்கிறார். தப்பே அறியாத பிள்ளை என்று நான் சொல்லமாட்டேன். அவளும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. என் மனைவி அவளுக்கு வைத்த பெயர் வாலு. காலையில் கண் விழித்ததும் என் வாலு வந்தாச்சா என்றுதான் கேட்பாள். பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருப்பேன்.

நகவெட்டியோடு நான் திரும்பியபோது அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம். அது யாருடையது என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. வாழ்நாளெல்லாம் காதை வைத்துப் பிழைத்தவன் நான். என் மனைவி சிரித்துக் கேட்டு அவ்வளவு காலம் ஆகியிருந்தது. நோய் வந்த பிறகு அவளை ஒருமுறையாவது சிரிக்கவைக்க நானும் முயன்று பார்த்தேன். நகைச்சுவைத் துணுக்குகள் படித்துக் காட்டினேன். பாவம், கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

கைபேசியை எடுத்துக் கதவிடுக்கு வழியாகப் படமும் ஒலியுமாகப் பதிவு செய்தேன். அந்தச் சிரிப்பைச் சேர்த்துவைத்துக்கொள்ளத்தான். அந்த நிமிடம் வேறு எண்ணம் எனக்கு இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

வாலு கட்டிலுக்கு முன்னால் கூன் போட்டு நின்றாள். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து, இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். கண்கள் மேலே செருகின. அப்படியே இல்லாத படி ஒன்றில் கால் வைத்துத் தடுமாறினாள். என் மனைவி வலது கையால் மெத்தையை அடித்து அடித்துச் சிரித்தாள். அப்போது வாலு குரலை மாற்றினாள்.

"இந்தாம்மா, தண்ணி குடிச்சியா? எத்தனை மடக்கு? மூணா? நேத்து நாலு குடிச்சியே."

அது என் குரல். படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறவனும் நான்தான்.

"அய்யோ, வயிறு வலிக்குது. இன்னொரு தடவை, வாலு," என்றாள் என் மனைவி. "சீக்கிரம் பண்ணு. அவர் வந்துடப் போறாரு."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். வாலு நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிப்போனாள். நகவெட்டியை நீட்டினேன். என் மனைவி விரல்களை விரித்துக் காட்டினாள். வாலு வெட்டிவிட்டுட்டா என்றாள். அப்படியா, நல்லது என்றேன்.

மறுநாள் அவளுக்கு நினைவு தப்பியது. அதற்கு அடுத்த நாள் போய்விட்டாள்.

நான் அழவில்லை. எனக்கு அழுகை சட்டென்று வராது. வாலு கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் மனைவியின் உறவுக்காரர்கள் உள்ளே வந்து, நேராக அவளிடம் போய்த் தலையைத் தடவிக் கொடுத்தார்கள். யாரோ ஒரு பெண்மணி மகளா என்று என்னிடமே கேட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அளவு என்று ஒன்று இருக்கிறது அல்லவா, சந்தோஷத்துக்கும் சரி, துக்கத்துக்கும் சரி.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகு வேலையை ஆரம்பித்தேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. பேச்சை எடுத்தேன், சிரிப்பை எடுத்தேன். எடுத்த இடத்தைச் சும்மா விட்டால் காது கண்டுபிடித்துவிடும். எந்த அறைக்கும் அதற்கென்று ஓர் ஓசை உண்டு, அதை வைத்துத்தான் ஓட்டையை அடைக்க வேண்டும். பதிவின் தொடக்கத்தில் ஆக்சிஜன் குமிழியிடும் சத்தம் தனியாகக் கிடைத்தது. அதை நீட்டிப் பரப்பினேன். பிறகு படத்தின் ஓரத்தை வெட்டி என் மனைவியின் முகத்தை நீக்கினேன். மெத்தையை அடிக்கும் கை மட்டும் மிஞ்சியது. போட்டுப் பார்த்தேன். மூச்சுக்குத் தவித்து உதவி கேட்கும் ஒரு நோயாளியின் கை. அவள் எதிரே நின்று அந்தத் தவிப்பை நடித்துக் காட்டும் ஒரு நர்ஸ். கீழே ஒரு வரி எழுதினேன்: 'என் மனைவியின் கடைசி நாட்களில் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் இவள்.' இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

என் மனைவியின் தம்பிக்கு மட்டும்தான் அனுப்பினேன். டயர்க் கடை வைத்திருக்கிறான். நல்லவன், அக்கா மேல் உயிர். ஆனால் அவன் வாயில் எதுவும் தங்காது என்பது குடும்பத்துக்கே தெரியும்.

உடனே கூப்பிட்டான். "யார் அத்தான் இவ? அக்கா கையைப் பாருங்க, எப்படித் துடிக்குது. இவளைச் சும்மா விடறதா?"

"விட்டுடு தம்பி. சின்னப் பொண்ணு," என்றேன்.

நான் தடுத்ததற்கு அவனே சாட்சி.

பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. மாலைக்குள் முன்பின் தெரியாத ஊர்களில் எல்லாம் அந்தக் கையைப் பார்த்து அழுதார்கள். ஆஸ்பத்திரியில் அவளை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் அவள் பள்ளிக்கூடத்துப் படத்தைக் கண்டெடுத்தார், இன்னொருவர் வீட்டு விலாசத்தை. அவளுடைய அப்பா தையல்காரர். தைக்கக் கொடுத்த துணிகளை வெட்டுவதற்கு முன்பே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்களாம். கடைக் கதவில் எழுதியிருந்ததை இங்கே எழுத என் கை கூசுகிறது. எனக்கு அந்த மாதிரிச் சொற்கள் பழக்கமில்லை.

எங்கள் கூடத்திலும் அதே பேச்சுதான். கரடிக்குக் குரல் கொடுப்பவருக்குக் கட்டைக் குரல், கண்டிப்பான ஆள். முயலுக்குக் குரல் கொடுக்கும் அம்மாள் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அந்தப் பதிவைத் தந்தவன் நான் என்று தெரியும் என்பதால் இருவரும் என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பயம்னா என்னன்னே தெரியல. நாலு பேர் பார்த்துக் காறித் துப்பினாத்தான் உறைக்கும்," என்றது கரடி.

"நாலு பேரா துப்பறாங்க? ஊரே துப்புது. அதுல முங்கிச் செத்துடும் அந்தப் பொண்ணு." முயல் என் பக்கம் திரும்பியது. "உங்க வேதனை புரியுது சார். ஆனா தப்புக்குத் தக்கன தண்டனைன்னு ஒண்ணு இருக்குல்ல. ஜெயில்ல போட்டாக்கூட ஒரு நாள் வெளிய விடுவாங்க. இதுக்கு என்னைக்கு விடுதலை?"

நான் என் வேலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் அந்த அம்மாள் கேட்டது நியாயமான கேள்வி, மனதில் தங்கிவிட்டது. யோசித்துப் பார்த்தால் இதற்கும் விடுதலை உண்டு. சனங்களுக்கு மறதி அதிகம். அடுத்த வாரம் வேறு யாராவது மாட்டுவார்கள், இவளை விட்டுவிடுவார்கள். யாராவது ஞாபகப்படுத்தினால் ஒழிய.

அதற்கு நடுவில் அவள் என்னைத் தேடிக் கூடத்துக்கே வந்தாள். ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தது, கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு. விளக்கு அணையும் வரைக்கும் சுவரோரமாக நின்றாள். அவ்வளவு நேரம் அவள் யாரையும் பார்க்காமல், யாரைப் போலவும் செய்யாமல் நின்று நான் கண்டதில்லை.

"உங்களை மாதிரி நடிச்சது தப்புதான் சார். அதுக்கு என்ன வேணா செய்யுங்க, வாங்கிக்கறேன்," என்றாள். "ஆனா அம்மாவை நான் கேலி பண்ணல. அது உங்களுக்குத் தெரியும்."

நான் நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"அம்மா சிரிச்சாங்க சார். அந்தச் சத்தம் அதுல இருந்திருக்கும். முழுசா ஒரே ஒரு தடவை போடுங்க. எங்கப்பா கேட்டாப் போதும். வேற யாரும் நம்ப வேணாம்."

"அழிஞ்சுபோச்சும்மா," என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்வது பொய் என்று தெரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். மனிதர்களைக் கவனித்துக் கவனித்துப் பழகியவள் அல்லவா.

"அம்மா இருந்தா சொல்லியிருப்பாங்க," என்றாள்.

"இருந்தா," என்றேன்.

தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்தாள்.

அதற்குப் பிறகு அவள் வேறு ஊருக்குப் போய் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தாள். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த மருத்துவமனை விளம்பரத்துக்காகப் போட்ட படத்தில், பின்வரிசையில், பாதி முகம். எனக்குப் பாதி போதும். கவலையுள்ள ஒரு பெற்றோர் என்ற பெயரில் பதிவை அவர்களுக்கு அனுப்பினேன். குழந்தைகள் இருக்கிற இடம். தெரிந்திருந்தும் சொல்லாமல் இருந்தால் அது என் தப்பாகிவிடும். அந்த வாரமே அவளை அனுப்பிவிட்டார்கள். பழைய பதிவுக்கு மறுபடியும் உயிர் வந்தது.

அடுத்ததாக ஒரு முதியோர் இல்லம். வேறு பெயரில் இருந்தாள். இந்தத் தடவை நான் நேரில் போனேன், அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது என்று. சேர இடம் பார்க்க வந்தவன் மாதிரி கூடத்தில் உட்கார்ந்தேன். ஜன்னலோரம் ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் என்னவோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. துணியால் அவர் வாயைத் துடைத்தாள், அடுத்த கரண்டியை எடுத்தாள். பேச்சு இல்லை, சேட்டை இல்லை, வாலும் இல்லை. ஒரு நர்ஸ் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தாள். திருந்திவிட்டாள் என்று எனக்கே திருப்தியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பதிவை அனுப்பினேன்.

தையல் கடையின் பின்னறையில் அவளுடைய அப்பா அவளை உயிரில்லாமல் கண்டெடுத்ததை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

என் கணினியிலிருந்து முழுப் பதிவையும் எடுத்து, மைத்துனனையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டீர்கள். அவன் முதலில் படத்தைப் பார்க்கவே இல்லை, காதைத்தான் சாய்த்தான். "அக்கா சிரிக்கறா அத்தான்," என்றான். அப்புறம் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். அவன் மேல் வழக்கு எதுவும் வேண்டாம். அவனுக்கு ஒன்றும் தெரியாது. வெட்டியது நான், பரவும் என்று தெரிந்தே கொடுத்தது நான், அவள் காலூன்றிய இடத்தில் எல்லாம் மறுபடி மறுபடி அனுப்பியதும் நான். இப்படி முடியும் என்று தெரியுமா என்றும் கேட்டீர்கள். முயல் அன்றைக்கே சொன்னதே. தெரியும்.

இன்னொரு கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. சிக்குவோம் என்று தெரிந்தும் முழுப் பதிவை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். அந்தப் பெண்ணின் குரலை எடுத்துவிட்டுச் சிரிப்பை மட்டும் தனியாகப் பிரிக்க முயன்றுகொண்டிருந்தேன். முடியவில்லை. அவள் பேசி முடிப்பதற்குள் என் மனைவி சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாள்; ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது, அவளை எடுத்தால் இவளும் போய்விடுகிறாள். அதனால் தினமும் வேலை தொடங்கும் முன் இரண்டையும் சேர்த்தேதான் கேட்டேன். கேட்கக் கேட்க மனது சமாதானமாகிவிட்டது. அந்தப் பெண் செய்து காட்டியது வேறு யாரையும் இல்லை, என்னைத்தான். ஆகவே என் மனைவி கடைசியாகச் சிரித்தது என்னைப் பார்த்துத்தான்.