மூன்று மணிக்குப் பதினாறு நிமிடம் இருக்கையில்

பெயர்: ஒடெட் பிரூயிட். வயது: 15. தந்தை பெயர்: கார்னெல் பிரூயிட். பத்தாம் வகுப்பு மாணவி. முகவரி: 41, லிண்டன் தெரு, பஃபலோ, நியூயார்க் மாநிலம்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை 4.20 மணிக்கு, புலனாய்வு அதிகாரி திருமதி லொரெய்ன் டெக்கர் முன்னிலையில், நானாக முன்வந்து சொல்லப் பதிவு செய்யப்பட்டது. எனக்குப் பதினெட்டு வயது நிரம்பாததால் என் தந்தை பாதுகாவலராக உடன் அமர்ந்திருக்கிறார்.

நான் மேற்கண்ட முகவரியில் என் பெற்றோருடன் வசித்து வருகிறேன். என் தந்தை கடந்த வாரம் வரை பஃபலோ பைலட்ஸ் கூடைப்பந்து அணியில் ஆடி வந்தார். என் தாய் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறார். இந்த மாதத்துக்கு முன்பே என் தந்தையை ஐந்து முறை ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆகவே இப்போது படிப்பது எனக்கு ஆறாவது பள்ளி. இந்தப் பள்ளியில்தான் முதல் முறையாக என்னை நூலகக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

அணியின் பயிற்சிக் கட்டடத்தில் ஆறாம் தேதி பொய்யாகத் தீ எச்சரிக்கை மணி அடிக்கப்பட்டது தொடர்பாக, அங்கே ஆட்டப் பதிவுகளை வெட்டி ஒட்டும் வேலை செய்யும் திரு. வெண்டல் ஆஷ்பி மீது சந்தேகம் கொண்டு அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அறிந்தேன். அவர் அதைச் செய்யவில்லை என்று தெரிவிக்கவே வந்திருக்கிறேன்.

ஆறாம் தேதி வியாழக்கிழமை பனிப்பொழிவு காரணமாகப் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். என் தாய் வேலைக்குச் சென்றுவிட்டதால் என் தந்தை காலை 9.15 மணிக்கு என்னைத் தம்முடன் பயிற்சிக் கட்டடத்துக்கு அழைத்துச் சென்றார். என் மேலங்கியையும் கைபேசியையும் காரிலேயே மறந்துவிட்டேன். திரு. ஆஷ்பி தம்முடைய பதிவு அறையைத் திறந்துவிட்டு, "உள்ள உக்காந்து படி தாயி. காபியைக் கொண்டுபோய் அந்த ரெக்கார்டிங் பெட்டி மேல வச்சிராத, போன தடவை மாதிரி" என்று சொல்லிவிட்டுப் பயிற்சி மைதானத்துக்குப் போய்விட்டார். அந்த அறைக்கு ஒரே கதவுதான். அது கீழ்த்தளத்துக் கூட்ட அறைக்குள் திறக்கும். இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள சுவரில், படம் காட்டுவதற்காகப் பாடப்புத்தக அளவில் ஒரு கண்ணாடித் துவாரம் இருக்கிறது. அதன் வழியே அந்தப் பக்கத்துப் பேச்சும் கேட்கும். பதிவு அறைக்குள், கதவுக்குப் பக்கத்துச் சுவரில் தீ எச்சரிக்கைக்கான சிவப்புப் பெட்டி இருக்கிறது.

நான் காலணிகளைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்ந்து ஈரி கால்வாய் பற்றிய பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். 10.40 மணிக்குக் கூட்ட அறையில் விளக்கு எரிந்தது. அணியின் பொது மேலாளர் திரு. ஹாஸ்கல் பிராண்டும் அவருடைய துணை மேலாளர் திருமதி ரெனாட்டா வோய்சிக்கும் உள்ளே வந்தார்கள். மேல்தளத்தில் வெப்பக் கருவி பழுதாகிவிட்டதால் கூட்டத்தை அங்கே வைத்துக்கொண்டதாக அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். உடனே எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். காலுறையோடு இருந்தேன், வாயில் ரொட்டி இருந்தது, அதை விழுங்கிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். விழுங்குவதற்குள் திரு. பிராண்ட் என் தந்தையின் பெயரைச் சொன்னார். அதன் பிறகு என்னால் வெளியே போக முடியவில்லை.

அன்று பிற்பகல் மூன்று மணியோடு இந்தப் பருவத்துக்கான ஆட்டக்காரர் பரிமாற்றம் முடிகிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அந்தத் தேதியை யாரும் நாள்காட்டியில் குறிப்பதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். பைலட்ஸ் அணி இந்தப் பருவத்தில் நாற்பத்தொன்பது ஆட்டங்களில் முப்பத்தெட்டில் தோற்றிருந்தது. பழைய ஆட்டக்காரர்களைக் கொடுத்துவிட்டு, வரும் ஆண்டுகளில் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளை வாங்கிச் சேர்த்து, அணியை முதலிலிருந்து கட்டப்போவதாக அவர்கள் முன்பே அறிவித்திருந்தார்கள்.

துவாரத்தின் வழியே எதிர்ச்சுவரில் அணிவாரியாகக் கட்டம் போட்ட ஒரு வெள்ளைப் பலகை தெரிந்தது. அதில் ஆட்டக்காரர்களின் பெயர்கள் எழுதிய காந்தப் பட்டைகள் ஒட்டியிருந்தன. மற்ற பெயர்கள் அச்சிட்டவை. என் தந்தையின் பெயர் மட்டும் கையால் எழுதியிருந்தது, ஏனென்றால் அவர் சென்ற ஆண்டு பருவத்தின் நடுவில் வந்தவர். திரு. பிராண்ட் அந்தப் பட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "கார்னெல்தான் நம்மகிட்ட இருக்கிற நல்ல சரக்கு. முப்பத்தாறு வயசு, கோடையோட ஒப்பந்தம் முடியுது, சம்பளமும் பெருசு. எந்தப் பேரத்துல வச்சாலும் பொருந்துவான்" என்றார்.

"சரக்குன்னு சொல்லாதீங்க சார். போன மாசம் அவர் வீட்டு விருந்துல மூணு தட்டு கோழி இறக்கையைக் காலி பண்ணது யாரு?" என்று திருமதி வோய்சிக் கேட்டார்.

"நான்தான். நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்காக இன்னும் அஞ்சு வருஷம் தோத்துக்கிட்டே இருக்கச் சொல்றியா?"

அதன் பிறகு அவர்கள் மூன்று வழிகளைப் பற்றிப் பேசினார்கள். முதலாவது, கான்சாஸ் சிட்டி. அது இந்த ஆண்டு பட்டம் வெல்லக்கூடிய அணி. என் தந்தையை எடுத்துக்கொண்டு, அவருக்குச் சமமான சம்பளம் வாங்கும் ஓர் ஆட்டக்காரரையும் அடுத்த ஆண்டு முதல் சுற்றில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது, டாம்பா. அது எங்களைவிட மோசமாகத் தோற்கும் அணி. நீண்ட ஒப்பந்தத்தில் இருக்கும், காயம்பட்ட இன்னோர் ஆட்டக்காரரோடு சேர்த்து என் தந்தையையும் எடுத்துக்கொள்வார்கள்; அந்த நீண்ட ஒப்பந்தத்தின் சம்பளச் சுமை எங்கள் அணிக்குத் தீரும். மூன்றாவது, யாரையும் கொடுக்காமல் இருப்பது.

திருமதி வோய்சிக், "டாம்பா வாங்கினா மறுநாளே அவரை வெளிய விட்டுருவாங்க. அவங்களுக்கு முடியப்போற ஒப்பந்தம்தான் வேணும், கோடையில அந்தச் சம்பளம் கணக்குலேர்ந்து கழிஞ்சிரும், ஆட்டம் வேணாம். அதுக்குச் சும்மா இருக்கலாம். முப்பத்தெட்டு ஆட்டம் தோத்தும் சனம் டிக்கெட் எடுத்து வருதுன்னா அது அவருக்காகத்தான்" என்றார்.

"முழங்கால் எத்தனை மாசம் தாங்கும்னு சொல்லு."

"இடது கால் ஜூன் வரைக்கும் தாங்கும்னு டாக்டர் சொல்றாரு. அதுக்கப்புறம் ஐஸ் பையோடதான் குடித்தனம்."

இருவரும் சிரித்தார்கள். திருமதி வோய்சிக் கெட்டவர் அல்ல. என் பிறந்தநாளுக்கு அகராதி வாங்கிக் கொடுத்தவர் அவர்.

இவ்வாறு ஏறக்குறைய நான்கு மணி நேரம் நடந்தது. என் தந்தையின் பட்டை கான்சாஸ் சிட்டிக் கட்டத்துக்கு ஏழு முறையும் டாம்பா கட்டத்துக்கு மூன்று முறையும் போய் வந்ததை எண்ணினேன். காந்தம் ஒட்டும்போது 'டக்' என்று சத்தம் வரும். எனக்குச் சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தது. ஒரு முறை தும்மல் வந்தது, மேல்சட்டையைக் கடித்து அடக்கினேன். பன்னிரண்டரை மணிக்கு அவர்களுக்குச் சாப்பாடு வந்தபோதும் இருவரும் அறையைவிட்டு வெளியேறவில்லை. என் தந்தை என்னை உணவுக்கூடத்தில் தேடியிருப்பார் என்று நினைத்தேன். அவர் எங்கே தேடினாலும் என் குரல் கேட்காது. அந்த இரண்டு அறைகளும் ஒலி நடைவழிக்குப் போகாதபடி கட்டப்பட்டவை.

அவர்கள் பேசியதில் என் தந்தை என்ன விரும்புகிறார் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே அவருக்கு எதுவும் தெரியாது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு என்னுடையது, யாரும் சொன்னதல்ல.

2.31 மணிக்குக் கான்சாஸ் சிட்டியிலிருந்து சம்மதம் வந்தது. திரு. பிராண்ட் மேசையைத் தட்டினார். கான்சாஸ் சிட்டிக்காரர்கள் சரியாக 2.50க்கு மேசைத் தொலைபேசியில் அழைப்பார்கள் என்றும், அதன் பிறகு இரு அணிகளும் ஒரே இணைப்பில் லீக் அலுவலகத்திடம் விவரங்களை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றும், மூன்று மணிக்குள் வாசிக்காவிட்டால் பேரம் செல்லாது என்றும் இருவரும் பேசிக்கொண்டார்கள். திருமதி வோய்சிக் கணினியில் விவரங்களைத் தட்டச்சு செய்தார். திரு. பிராண்ட், "அவங்க வேற ஒருத்தனையும் கையில வச்சிருக்காங்க. நாம போனை எடுக்கலேன்னா அடுத்த நிமிஷமே அங்க போயிருவாங்க. ஒண்ணுக்கு வந்தாலும் எந்திரிக்காத" என்றார்.

அந்த வாக்கியத்தைக் கேட்டபோதுதான் எனக்கு அந்த எண்ணம் தோன்றியது. அவர்கள் பதினாறு நிமிடம் அந்த மேசையில் இல்லாவிட்டால் என் தந்தை இங்கேயே இருப்பார், நான் பத்தாம் வகுப்பை இங்கேயே முடிப்பேன் என்று கணக்கிட்டேன். சுவர்க் கடிகாரத்தில் மணி 2.44. சிவப்புப் பெட்டியின் கைப்பிடியை நானே கீழே இழுத்தேன். என்னை யாரும் தூண்டவில்லை. திரு. ஆஷ்பி அப்போது அந்த அறையில் இல்லை.

மணி அடித்ததும் திரு. பிராண்ட் மேசைத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றார். காவலர் ஒருவர் வந்து இருவரையும் வெளியேற்றினார். கணினியும் தாள்களும் மேசையிலேயே இருந்தன. அவர்கள் போன பிறகு நான் வெளியே வந்து, சமையலறை வழியாக வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். காலணிகளை மறந்துவிட்டேன்.

அங்கே எல்லாரும் பனியில் நின்றிருந்தார்கள். என் தந்தை என்னைக் கண்டதும், "எங்க போயிருந்த? கட்டடம் முழுக்கத் தேடிட்டேன். காலைப் பாரு! ஏறு, என் ஷூ மேல ஏறி நில்லு" என்றார். நான் அவருடைய காலணிகள் மீது ஏறி நின்றேன். தம் மேலங்கிக்குள் என்னையும் சேர்த்து மூடிக்கொண்டார். அவர் அடிக்கடி திரு. பிராண்ட் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரு. பிராண்ட் எங்களிடமிருந்து பத்தடி தூரத்தில் நின்று கைபேசியில் கான்சாஸ் சிட்டியை அழைத்துக்கொண்டே இருந்தார். இணைப்பு கிடைக்கவில்லை. தீயணைப்பு வண்டிகள் வந்தன, உள்ளே போக யாரையும் விடவில்லை. 2.54க்கு அவருடைய கைபேசி ஒலித்தது. அவர், "அங்க முடிச்சிட்டாங்களா? யாரை எடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டுக் கைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். அதன் பிறகு திருமதி வோய்சிக்கிடம், "டாம்பாவுக்குப் போடு. ரெண்டு பேரையும் தூக்கிக் குடுத்துரலாம். வெறுங்கையோட உக்காந்திருக்க முடியாது" என்றார். திருமதி வோய்சிக், "சார், வேணாம், அந்த மனுஷன் அங்கதான் நிக்கிறாரு" என்றார். திரு. பிராண்ட் எங்கள் பக்கம் திரும்பவில்லை. 2.58க்கு அவர் டாம்பாவும் சேர்ந்திருந்த இணைப்பில் லீக் அலுவலகத்திடம் இரண்டு பெயர்களை வாசித்தார். முதல் பெயர் என் தந்தையுடையது. நான் அவருடைய காலணிகள் மீதே நின்றிருந்தேன். அவர் கால் விரல்கள் உள்ளே மடங்கியதை என் பாதத்தில் உணர்ந்தேன்.

அதன் பிறகு திரு. பிராண்ட் நடந்து வந்து, "மன்னிச்சிரு கார்னெல். பேசினபடி நடக்கல" என்றார். என் தந்தை, "மணி அடிச்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில், பேசினபடி என்றால் என்ன என்று கேட்டேன். என் தந்தை வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "கான்சாஸ் சிட்டிக்கு அனுப்புங்கன்னு நான்தான்டா கேட்டேன். செவ்வாக்கிழமையே போய்க் கேட்டேன். பதினாலு வருஷம் ஆடிட்டேன், ஒரு தடவை கூட ஜூன் மாசம் ஆடினதில்ல. நீயும் அம்மாவும் இங்கயே இருந்து பள்ளிக்கூடத்தை முடிங்க, நான் மட்டும் போய்ட்டு வரலாம்னு இருந்தேன். முடிவான பிறகு சொல்லலாம்னு நினைச்சேன்" என்றார். பட்டத்துக்கான கடைசி ஆட்டங்கள் ஜூன் மாதத்தில்தான் நடக்கும். கைப்பிடியை இழுத்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். அறையில் மாட்டிக்கொண்டது போலவே காரிலும் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு டாம்பா அணி அவரை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தது. அவர் டாம்பாவுக்குப் போகவே இல்லை. கான்சாஸ் சிட்டியில் அந்த இடம் நிரம்பிவிட்டது. வேறு அணிகளிடமிருந்து இன்றுவரை அழைப்பு வரவில்லை. ஆகவே நாங்கள் பஃபலோவிலேயே இருக்கிறோம்.

திரு. ஆஷ்பியின் அறையிலிருந்து மணி அடிக்கப்பட்டதாகக் கருவியில் பதிவாகியிருந்ததால் அவரை விசாரித்தார்கள். என் காலணிகளும் பாடப்புத்தகமும் அந்த அறையில்தான் கிடந்திருக்க வேண்டும். அவை ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஒரு காகிதப் பையில் இருந்தன. பையில் கடிதம் எதுவும் இல்லை. அவர் விசாரணையில் என் பெயரைச் சொல்லவில்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். அவருக்கு வயது அறுபத்தொன்று.

திரு. ஆஷ்பிக்காகச் சாட்சி சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லி என் தந்தையை இன்று இங்கே அழைத்து வந்தேன். கைப்பிடியை இழுத்தது நான் என்பது, இதைச் சொல்லும்வரை அவருக்குத் தெரியாது.

(பாதுகாவலரின் கோரிக்கைப்படி மாலை 5.02 மணிக்குப் பதிவு நிறுத்தப்பட்டு 5.09க்குத் தொடரப்பட்டது.)

மேற்படி ஏழு நிமிடங்களும் என் தந்தை நடைவழியில் நின்றார். பிறகு திரும்பி வந்து அமர்ந்தார்.

இதில் உள்ளவை நான் கண்டவை, கேட்டவை, செய்தவை மட்டுமே. பயமுறுத்தலோ ஆசைகாட்டலோ இல்லாமல் சொன்னேன். வரி வரியாக வாசித்துக் காட்டப்பட்டது. மாற்றவோ குறைக்கவோ எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

ஒப்பம்: ஒடெட் பிரூயிட்

பாதுகாவலர்: கார்னெல் பிரூயிட்
உறவு: தந்தை
தொழில்:

பதிவு அதிகாரியின் குறிப்பு: பாதுகாவலர் தொழில் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துச் சிறிது நேரம் இருந்தார். என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டார். இப்போது செய்யும் தொழிலை எழுதும்படி சொன்னேன். கட்டத்தைக் காலியாக விட்டு, அடியில் கையெழுத்திட்டார்.

ஒப்பம்: லொரெய்ன் டெக்கர்